‘ராவிலே’ என்றால் எப்போது?

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து மகள் வீட்டில் தங்கியிருக்கும் 70 வயது அம்மாயி ஒருவர் கடைக்கு வந்து, நான்கு இரவுகளாகத் தூக்கமே இல்லை, மணிக்கொரு தரம் எழுந்து ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றார். கால் வீக்கத்துக்கு அவர் நீர் மாத்திரை, அதாவது உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை, சாப்பிடுகிறவர். காலையில் போடும் அரை மாத்திரையை முழு மாத்திரையாக்கி, “ராவிலே ஒண்ணு” என்று அவருடைய மலையாள மருத்துவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் அது காலை. அம்மாயிக்கு அது ராத்திரி.

மருத்துவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் தமக்குத் தெரிந்த தமிழில் பேசத்தான் முயன்றிருக்கிறார். “புரிஞ்சுதா?” என்றும் கேட்டாராம். அம்மாயி “சரிங்க டாக்டர்” என்றிருக்கிறார். எங்கள் பக்கத்து ‘சரிங்க’ மரியாதைக்குச் சொல்வது. புரிந்ததற்கு அது சாட்சியாகாது. நேரில் என்றால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் குரல்வழி ஆலோசனையை அனுமதிக்கின்றன. நேரில் பார்த்த 6 மாதங்களுக்குள் அதே நோய்க்காகப் பேசினால் அதைத் தொடர் ஆலோசனையாகக் கொள்கின்றன. அந்த வசதி வேண்டியதுதான், ஏனெனில் வீங்கிய காலோடு பேருந்து ஏறி பாலக்காடு போய்வருவது அம்மாயிக்கு ஒரு நாள் பாடு. ஆனால் “புரிஞ்சுதா?” என்ற கேள்வியைத் தொலைபேசியில் கேட்பதே வீண் என்பது என் கருத்து. “நாளைக்கு எந்த மாத்திரையை எப்பப் போடுவீங்க, நீங்களே சொல்லுங்கம்மா” என்று கேட்டிருந்தால், அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

நோயைக் கேட்பதிலும் இதே கதைதான். “வீக்கம் எப்படி?” என்றால் “பரவால்லீங்க” என்றுதான் பதில் வரும். செருப்பு காலில் நுழைகிறதா, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, படுக்க எத்தனை தலையணை வேண்டியிருக்கிறது என்று கேட்டால், கண்ணால் பார்க்க முடியாததில் பாதியாவது காதுக்கு வந்துவிடும். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குவதும் கேட்கும், பேரன் குறுக்கே பேசாமல் இருந்தால்.

மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, மாத்திரை அட்டையின் மேல் நான் ஒரு சூரியனை வரைந்து கொடுத்தேன். அம்மாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “படமெல்லாம் எதுக்குங்க தம்பி, காலைல காப்பி குடிச்சதும்னு சொல்லியிருந்தாப் போதாதா?” என்றார்.