ஸ்பீடு ரெக்கார்டரை எங்க மாட்டுறது? என்னோட கட்சி ஹெல்மெட்

ஸ்கைடைவிங் (பிளேன்ல இருந்து பாராசூட்டோட குதிக்கிறது) பண்றவங்க நாலு பேர் சேர்ந்தா ஒருத்தராவது "இன்னைக்கு மணிக்கு 300 கிமீ தொட்டேன்"னு ஆரம்பிச்சிடுவாங்க. சரிப்பா, ஸ்பீடு ரெக்கார்டரை எங்க மாட்டியிருந்தன்னு கேட்டா கைல, நெஞ்சுல, முதுகுலன்னு ஆளுக்கொரு பதில். அந்தப் பதில் தெரியாம நம்பரை மட்டும் வச்சு பெருமை பேசுறதுல அர்த்தமே இல்லங்க.

புரோட்ராக் மாதிரி ஸ்பீடு ரெக்கார்டர் கருவியெல்லாம் வேகத்தை நேரா அளக்கறது கிடையாது. காத்தழுத்தத்தை வச்சு உயரத்தைக் கணக்கு போட்டு, அது எவ்வளவு சீக்கிரம் குறையுதுன்னு பாத்துதான் வேகம் சொல்லுது. ஆனா விழுற உடம்பைச் சுத்தி அழுத்தம் ஒரே மாதிரியா இருக்கு? குப்புற விழும்போது வயித்துப் பக்கம் காத்து மோதி அழுத்தம் கூடும், முதுகுக்குப் பின்னாடி காத்து கலங்கி அழுத்தம் குறையும், அந்த இடத்தைத்தான் பர்பிள் (burble)னு சொல்றோம். மணிக்கு 195 கிமீல மோதுற காத்தோட அழுத்தம் சுமார் 16 மில்லிபார், அது முழுசா சென்சார் மேல விழுந்தா உயரத்துல 130 மீட்டருக்கு மேல பொய் வரும். 300 கிமீல 300 மீட்டரையே தாண்டிடும்.

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. உயரம் காட்டுற ஆல்டிமீட்டருக்கு 100 மீட்டர் தப்பு பெரிய தப்பு. ஸ்பீடு ரெக்கார்டருக்கு அந்த 100 மீட்டர் கடைசி வரைக்கும் அப்படியே இருந்துச்சுன்னா ஒண்ணும் ஆகாது, கழிச்சுப் பாக்கும்போது அடிபட்டுப் போயிடும். தப்பு நடுவுல மாறினாத்தான் வினை. முதுகுல மாட்டிக்கிட்டு குப்புற இருந்து மல்லாக்கப் புரளுறீங்கன்னு வைங்க, தப்பு 3 செகண்டுல 100 மீட்டர் மாறினா கிராஃப்ல 120 கிமீ சும்மாவே ஏறி ஒரு கூர் முளைச்சு நிக்கும், நீங்க கொஞ்சம்கூட வேகமா விழலைன்னாலும். டிராப் ஸோன்ல (நாங்க குதிச்சு இறங்குற மைதானம்) காட்டுற பாதி "ரெக்கார்டு" இந்தக் கூருதான்னு நான் சத்தியம் பண்ணுவேன்.

அதனால மணிக்கட்டு வேண்டவே வேண்டாம், கை ஒரு இடத்துல நிக்காது. முதுகு அதைவிட மோசம். நெஞ்சுல மாட்டினா குப்புற விழுற வரைக்கும் ஓகே, சிட்ஃப்ளை (உக்காந்த மாதிரி விழுறது), மல்லாக்கன்னு போனா அவ்ளோதான். ஹெல்மெட்டுக்குள்ள காது பக்கத்துல இருக்குற பை பரவால்ல, நேரடிக் காத்து படாது, தலையை வெடுக்குன்னு திருப்பாம இருக்கணும். யாரு வேகமா விழுறாங்கன்னு பாக்குற ஸ்பீடு போட்டியிலயே முன்னெல்லாம் உடம்போட ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு மாட்டி, 2700 மீட்டர்ல இருந்து 1700 வரைக்கும் அளந்து சராசரி எடுத்தாங்க, 2016ல ஸ்வீடன்காரர் ஹென்ரிக் ரைமர் மணிக்கு 601 கிமீ போட்டது அந்தக் காலத்துலதான். ஒத்தை சென்சாரை அவங்களே நம்பலை, நாம எதுக்கு நம்பணும்?

இப்ப போட்டியில ஜிபிஎஸ்தான், பெஸ்ட் 3 செகண்டோட சராசரி. ஃப்ளைசைட்ங்கிற ஜிபிஎஸ் கருவி வாங்க காசு இருந்தா வாங்கிடுங்க, அழுத்தத் தொல்லையே இல்ல. ஆனா அதுக்கும் இடம் முக்கியம், ஆன்டெனா வானத்தைப் பாக்கணும், உடம்பு மறைக்கக் கூடாது. பிளேன்ல ஏறுறதுக்கு முன்னாடியே ஆன் பண்ணி சிக்னல் பிடிக்க விடுங்க, கதவு தொறந்தப்புறம் ஆன் பண்ணிட்டு டேட்டா வரலைன்னு புலம்பாதீங்க. ஹெல்மெட்டுக்கு வெளிய ஒட்டுறவங்க துருத்திக்கிட்டு நிக்காம, சுத்தி டேப் போட்டு வழவழன்னு ஆக்கிடுங்க. பாராசூட் விரியும்போது ஒரு லைன் அதுல மாட்டினா கழுத்துதான் பதில் சொல்லணும்.