முதல் அட்டெம்ப்ட் மகாத்மாக்களுக்கு

அந்த வீடியோவை நானும் இங்கே ஒரு தடவை போடப் போவதில்லை. நேற்றிலிருந்து எல்லோரும் பார்த்தாயிற்று. பள்ளி ஆண்டு விழா மேடை, தோளில் சால்வை, கையில் மைக். "மூணு தடவ நீட் எழுதி டாக்டரானவன்கிட்ட நீங்க ஊசி போட்டுக்குவீங்களா?" என்று ஒரு டாக்டர் கேட்கிறார். கூட்டம் சிரிக்கிறது. முன்வரிசையில் இருக்கும் பிளஸ் டூ பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். வருகிற ஜூனில் அவர்களில் எத்தனை பேர் ரிப்பீட்டர் பேட்ச்சில், அதாவது நீட்டை மறுபடி எழுதுகிறவர்களின் கோச்சிங் வகுப்பில், உட்காரப் போகிறார்களோ, பாவம்.

நான் போட்டுக்கொள்வேன் ஐயா. தாராளமாக. நான் லேப் டெக்னீஷியன், இருபது வருடத்துக்கு மேலாக ரத்தம் எடுக்கிறேன். டாக்டர் எத்தனையாவது தடவையில் உள்ளே வந்தார் என்று ஒரு நோயாளியும் விசாரித்துப் பார்த்ததில்லை. நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்திய தங்க மெடல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அது மட்டும் முதல் அட்டெம்ப்ட்டில் வராது போலிருக்கிறது.

எம்பிபிஎஸ்ஸுக்கு எந்த வருடம் போவது, கிடைத்ததில் சேர்வதா, ஒரு வருடம் நின்று மறுபடி எழுதுவதா என்பது அந்தப் பிள்ளையும் அந்த வீடும் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவு. அதை வைத்து மூளையை அளக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன், இன்னும் நாலு தடவை சொல்வேன்.

முதலில் இந்த 'முதல் அட்டெம்ப்ட்' என்பதே பெரிய கதை. எட்டாம் வகுப்பிலேயே நீட்டுக்கான ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை ஐந்து வருடம் ஓஎம்ஆர் ஷீட்டில் வட்டம் போட்டுப் பழகிவிட்டு மே மாதம் எழுதினால் அது முதல் முயற்சி. எங்கள் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளை, பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரே ஒரு வருடம் தயாரானால் அது இரண்டாவது முயற்சி, அவமானம். ஐந்து பெரிதா ஒன்று பெரிதா என்று எனக்கு யாராவது கணக்கு சொல்லிக் கொடுங்கள்.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 22ஆம் தேதி முடிந்தது. நீட் மே 5. நடுவில் ஆறு வாரம். பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய கை அந்த ஆறு வாரத்தில், தப்பு விடைக்கு மார்க்கைப் பிடுங்கும் நெகட்டிவ் மார்க்குக்குப் பழக வேண்டும். என் மகள் அப்படித்தான் எழுதினாள், 720க்கு 571 வாங்கினாள். வாங்கியபோது சந்தோஷப்பட்டோம். முந்தைய வருட கட் ஆஃப் பட்டியலை வைத்துக்கொண்டு சீட் கிடைத்துவிடும் என்றே நினைத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வருடம் மார்க்குக்கு மதிப்பே இல்லை என்று. 67 பேர் 720க்கு 720. 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண். பாட்னாவில் வினாத்தாள் கசிவு. ஜூன் 23இல் சிலருக்கு மறுதேர்வு. மொத்தத் தேர்வும் ரத்தாகுமா ஆகாதா என்று உச்ச நீதிமன்றம் சொல்லி முடிக்க ஜூலை 23 ஆகிவிட்டது.

ரிசல்ட் வந்ததிலிருந்து தீர்ப்பு வரும் வரை, அந்த ஏழு வாரம் எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. ரிப்பீட்டர் பேட்ச் தொடங்கிவிட்டது, பணம் கட்டுங்கள் என்று கோச்சிங் சென்டர் தினமும் போன். பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்தோம், அதில் சேர்த்துவிடலாம் என்பது வீட்டுக்காரர் கட்சி. அதுவும் நல்ல படிப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அவள் சாப்பிடாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ராத்திரி இறங்கி வந்து, "ஒரே ஒரு வருஷம்மா. இதுக்கப்புறம் கேக்க மாட்டேன்" என்றாள். மறுநாள் வளையலை அடகு வைத்தேன். முடிவு அப்படித்தான் எடுக்கப்பட்டது டாக்டர் சார். உங்கள் மேடையில் அந்த மொட்டை மாடி தெரியாது.

சரி, ஒரு வருடம் நின்று எழுதினாளே, அப்போதாவது பழைய மாதிரிக் கேள்வித்தாள் வந்ததா? நான்கு வருடமாக 200 கேள்வி கொடுத்து 180க்கு விடை எழுதச் சொன்னார்கள், அதில் கடைசி மூன்று வருடம் 200 நிமிடம். 2025இல் அந்தச் சாய்ஸை எடுத்துவிட்டு 180 கேள்வி, 180 நிமிடம் என்றார்கள். பிசிக்ஸ் பகுதியைப் பார்த்து ஹாலிலேயே அழுத பிள்ளைகள் உண்டு. இந்தியாவிலேயே முதல் இடம் 686 மார்க்தான். என் மகளுக்கு 488. பார்த்தீர்களா, படிக்கப் படிக்க மார்க் குறைகிறது என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். ரேங்க் எங்கேயோ முன்னால் போயிருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்போது கமெண்ட்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்.

ரிப்பீட்டர்கள் புதுப் பிள்ளைகளின் சீட்டைப் பிடுங்குகிறார்கள் என்பீர்கள். நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையை நானும் படித்தேன். தமிழ்நாட்டில் 2016-17இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் சுமார் 12 சதவீதமாக இருந்த ரிப்பீட்டர்கள், 2020-21இல் 71 சதவீதத்தைத் தாண்டினார்கள். பயங்கரமான எண்தான். ஆனால் அது அந்தத் தேர்வின் மேல் வைத்த குற்றச்சாட்டு, பிள்ளைகளின் மேல் அல்ல. பஸ் நிற்காமல் போகிறது என்றால் டிரைவரைக் கேளுங்கள், ஓடிவந்து ஏறியவனை ஏன் அடிக்கிறீர்கள்?

காசு இருக்கிறவர்கள்தான் ஒரு வருடம் நிற்க முடியும் என்பீர்கள். உண்மை. என்னிடம் அடகு வைக்க வளையல் இருந்தது, என்னோடு வேலை பார்க்கும் அக்காவிடம் இல்லை. அவர் மகன் பி.எஸ்ஸி சேர்ந்துவிட்டான். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

வயது வீணாகிறதாம். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டிசம்பர் 31க்குள் 17 வயது முடியவில்லை என்றால் நீட் எழுதவே முடியாது. பிஞ்சிலேயே பள்ளியில் சேர்த்துவிட்ட எங்கள் தெருப் பையன் ஒருவன் அந்த விதியால் ஒரு வருடம் சும்மா இருந்தான், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரசாங்கம் காத்திருக்கச் சொன்னால் விதி, பிள்ளையே காத்திருந்தால் தோல்வியா? உச்ச வயது வரம்பையே 2022இல் எடுத்துவிட்டார்கள். ஒடிசாவில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 2020இல் நீட் எழுதி 64 வயதில் எம்பிபிஎஸ் சேர்ந்தார். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, மேற்படிப்புக்கு மூன்று வருடம் என்று எப்படியும் முப்பதைத் தொடப் போகிற வாழ்க்கை இது. இதில் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் உங்களுக்கு என்ன அவசரம்?

எல்லோரும் நின்று எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது வருடமும் எழுதட்டுமா என்று இன்பாக்ஸில் கேட்கும் தம்பி தங்கைகளே, ஆறு மாதமாக மாதிரித் தேர்வு மார்க் அசையவே இல்லை என்றால் தயவு செய்து யோசியுங்கள். ஆனால் யோசிக்க வேண்டியது நீங்கள். சால்வை போட்டவர்கள் இல்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். மேடையில் பேசியவர் யாரோ, அவரை எனக்குத் தெரியாது. அந்த வீடியோவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே மூன்று சிரிப்புப் பொம்மை வைத்தவரைத்தான் நன்றாகத் தெரியும். என் பெரியப்பா மகன். டாக்டர்.

1997இல் நானும் அவரும் சேர்ந்துதான் பிளஸ் டூ எழுதினோம். அப்போது மாநில நுழைவுத் தேர்வு, பிளஸ் டூ மார்க்கையும் அந்தத் தேர்வு மார்க்கையும் சேர்த்து 300க்கு கட் ஆஃப். இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை, எனக்கு அவரைவிட ஒன்றேகால் மார்க் அதிகம். அந்தக் காலத்தில் இம்ப்ரூவ்மெண்ட் என்று ஒன்று உண்டு, அடுத்த வருடம் பொதுத்தேர்வை மறுபடி எழுதி மார்க்கை ஏற்றிக்கொள்ளலாம். அவரை மதுரையில் ரூம் எடுத்துத் தங்கவைத்து எழுத வைத்தார்கள். நானும் எழுதுகிறேன் என்று கேட்டதற்கு அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வயசுப் பிள்ளைய ஒரு வருஷம் வீட்ல சும்மா வெச்சிருந்தா ஊரு என்ன பேசும்?" ஊர் பேசுமே என்று என்னை டிஎம்எல்டியில், அதாவது லேப் டெக்னீஷியன் டிப்ளமோவில், சேர்த்தார். அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. இல்லை என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, நீங்களும் ரிப்பீட்டர்தான். அந்த வார்த்தை அப்போது கிடையாது, அவ்வளவுதான். போன தீபாவளிக்கு என் மகளிடம், "இன்னும் எத்தன வருஷம்மா ப்ளஸ் டூவே படிப்ப?" என்று கேட்டீர்களே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதிரசத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

கடைசியில் சீட் கிடைத்ததா இல்லையா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். கிடைத்தது என்றால், கிடைத்த திமிரில் பேசுகிறாள் என்பீர்கள். கிடைக்கவில்லை என்றால் வயிற்றெரிச்சல் என்பீர்கள்.

அவள் தூங்குகிறாள். காலையில் இதைப் பார்த்தால், "எங்கதைய எதுக்கும்மா ஊருக்குச் சொல்ற, அழி" என்பாள். அழித்துவிடுவேன். அதற்குள் யாராவது குடும்பக் குழுவில் ஷேர் செய்துவிடுங்கள்.