முன்ஜென்மம் பார்க்கப் போகும் முன்

ஹிப்னாடிசம் செய்து முன்ஜென்மத்துக்கு அழைத்துப் போகிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் கேட்டேன். "என் பேரு போடாம எழுது" என்றாள்.

அக்காவுக்கு மூன்று முறை கரு கலைந்தது. கடைசியாகக் கலைந்தது ஐந்தாம் மாதத்தில். எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, காரணம் எதுவும் தெரியவில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு தெரபிஸ்டிடம் போனாள். ஒரு தடவைக்கு 6,000 ரூபாய். முடிந்ததும் ஆடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அதை நான் முழுசாகக் கேட்டேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருக்கிறது. மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார். பத்திலிருந்து ஒன்று வரை எண்ணிக்கொண்டே படியிறங்கச் சொல்கிறார். கீழே ஒரு கதவு. திறந்ததும், "குனிஞ்சு உங்க காலைப் பாருங்க. செருப்பு போட்டிருக்கீங்களா?" அக்கா "வெறுங்கால்" என்கிறாள். "செம்மண்ணு. ஒரு கிணறு இருக்கு." அவள் குரலை அவ்வளவு நிம்மதியாகக் கேட்டு எனக்கு வருஷக்கணக்கில் ஆகிறது.

அப்புறம்தான் கேள்விகள் மாறுகின்றன.

"கிணத்துக்குள்ள யாரு இருக்கா?"
"தெரியல."
"நல்லா பாருங்க. குழந்தையா?"
"தெரியல..."
"அந்தக் குழந்தைய நீங்க என்ன பண்ணீங்க?"

அதற்குப் பிறகு வெறும் அழுகைதான். போன ஜென்மத்தில் பிள்ளையைக் கிணற்றில் போட்ட பாவி நான், அதனால்தான் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று எட்டு மாதம் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பற்றி முதலில் வாயைத் திறந்தது அவள் இல்லை. ஆடியோவில் தெளிவாக இருக்கிறது.

அந்தக் கிணறு எனக்கும் தெரியும். ஆச்சி வீட்டுக் கொல்லையில் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்த கிணறு. "பக்கத்துல போகாதீங்கட்டி, பிள்ளை விழுந்த கிணறு" என்று சொல்லிச் சொல்லித்தான் ஆச்சி எங்களை மிரட்டி வைத்திருந்தாள்.

இப்படி நடப்பது புதிதில்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஆர்னல் பிளாக்ஸம் என்ற ஹிப்னோதெரபிஸ்ட் இருந்தார். நூற்றுக்கணக்கானவர்களை முன்ஜென்மத்துக்குக் கொண்டுபோய், பேசியதையெல்லாம் டேப்பில் பதிந்து வைத்தார். 1976இல் பிபிசி அதை ஆவணப்படமாகவே எடுத்தது. அதில் 'ஜேன் இவான்ஸ்' என்று பெயர் மாற்றிச் சொல்லப்பட்ட ஒரு பெண், 15ஆம் நூற்றாண்டு பிரான்சில் ழாக் கேர் என்ற பெருவணிகரிடம் வேலைக்காரியாக இருந்ததாகச் சொன்னார். அவ்வளவு விவரம். ஆனால் எஜமானருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றார். உண்மையில் ழாக் கேருக்கு மனைவியும் ஐந்து பிள்ளைகளும் உண்டு. மெல்வின் ஹாரிஸ் என்ற ஆய்வாளர் பிறகு துருவிப் பார்த்தார். அந்த வணிகரைப் பற்றி 1947இல் ஒரு நாவல் வந்திருக்கிறது. கதைக்குத் தோதாக இல்லை என்று நாவலாசிரியர் அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டிருக்கிறார்! அந்தப் பெண் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எப்போதோ உள்ளே போனது, எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோய், சொந்த நினைவு மாதிரியே மேலே வரும். கிரிப்டோம்னீசியா என்பார்கள்.

கனடாவில் நிக்கலஸ் ஸ்பேனோஸ் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வு என்னை இன்னும் உலுக்கியது. பழைய காலத்தில் குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவது சகஜம் என்று முன்கூட்டியே காதில் போட்டுவிட்டு ஹிப்னாடிசம் செய்தால், போன ஜென்மத்தில் அப்படிக் கொடுமைப்பட்டதாகச் சொல்கிறவர்கள் கூடுகிறார்கள். செய்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அது உள்ளேயிருந்து வருகிறது.

எனக்கு மறுபிறவியில் நம்பிக்கை உண்டு. அதை யாரிடமும் நிரூபிக்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. மறுபிறவியைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனே, சின்னக் குழந்தைகள் தாமாகச் சொல்வதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார். ஹிப்னாடிசத்தில் வருவதை அவர் பெரும்பாலும் நம்பவில்லை. இப்படிப் போய் மனசு லேசானது என்கிறவர்களையும் நான் மறுக்கவில்லை. ஒரு மணி நேரம் ஒருவர் குறுக்கே பேசாமல் நம்மைக் கேட்டாலே பாதி பாரம் இறங்கும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்து வந்து படுத்திருப்பவளிடம், நீதான் காரணம் என்கிற கதையை எடுத்துக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. "போன ஜென்மத்துப் பாவம்" என்று ஊரில் ஏற்கெனவே அவள் காதுபடப் பேசியாகிவிட்டது. காசு கொடுத்து வேறு அதைக் கேட்க வேண்டுமா?

துக்கத்தோடு யாரிடமாவது போகிறீர்கள் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (Rehabilitation Council of India), அதாவது ஆர்சிஐயில், பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேளுங்கள். பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்கலாம்.

அக்கா இப்போது அப்படி ஒரு அம்மாவிடம்தான் போகிறாள். இரண்டாவது தடவை போனபோது அவர் கேட்டாராம், "மூணு பிள்ளைக்கும் பேரு யோசிச்சு வச்சிருந்தீங்களா?"

வைத்திருந்தாள். எங்கள் யாருக்கும் தெரியாது.