துறைமுகம் இங்கே, வண்டி இறங்குவது மும்பையில்

வெளிநாட்டுக் கார் ஒன்றை நானே இறக்குமதி செய்ய என்ன ஆகும் என்று, சென்னை ராஜாஜி சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்திருக்கும் அந்த சுங்க முகவர், பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் பச்சை மையால் எழுதிக் கொடுத்த கணக்கை நான் இன்னும் கிழித்துப் போடவில்லை. "வண்டி நூறு ரூபாய்னு வச்சுக்குங்க சார்" என்று தொடங்கினார். நூறுக்கு நூறு சுங்க வரி, அந்த வரியின் மேல் பத்து விழுக்காடு சமூக நல மேல்வரி, ஆக 210. அந்த 210-இன் மீது அப்போதிருந்த 28% ஜிஎஸ்டியும், செஸ் என்ற 20% கூடுதல் வரியும் சேர்ந்தால் 311. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆயுட்கால வரி இன்னொரு 20%, ஆக 373. கடைசி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

நான் கேட்டது ஃபெராரி அல்ல. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ: இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், 265 குதிரைத்திறன், பின்சீட்டில் அம்மாவை உட்காரவைத்துக் கபாலீசுவரர் கோயிலுக்கும் போகலாம், ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆசை தீர ஓட்டவும் செய்யலாம். 2016-இல் போலோ ஜிடிஐ இந்தியாவுக்கு வந்தபோது கொண்டுவந்தவை 99 வண்டிகள் மட்டுமே. 26 லட்சத்துக்கு யோசித்துக்கொண்டே இருந்து கோட்டைவிட்டேன். ஆகவே 2024-இல் புதிய கோல்ஃப் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்ததும், இங்கே எப்போது வரும், வருமா என்றே தெரியாத நிலையில், பிரிட்டனில் வாங்கி நானே கொண்டுவந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். என் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "இந்தக் காசுக்கு மேடவாக்கத்துல ரெண்டு பெட்ரூம் வரும்." அவள் சொன்னதில் தவறே இல்லை.

வரி அதிகம் என்பதல்ல என் குமுறல். வசதி உள்ளவன் ஆசைக்கு வாங்குகிற பொருளுக்கு அரசு வரி போடட்டும், நன்றாகவே போடட்டும். ஆனால் விதி எதுவென்று கேட்டால், அதை முழுதாக, ஒரே வாயால், ஒரே நாளில் சொல்லும் மனிதர் ஒருவர்கூடவா இந்த ஊரில் கிடைக்கமாட்டார்? இந்த அளவு எஞ்சினுக்கு, வண்டியின் விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகை 40,000 டாலரைத் தாண்டினால்தான் அந்த நூறு விழுக்காடு, தாண்டாவிட்டால் எழுபதுதான் என்பதை மூன்றாவது முறை போனபோதுதான் முகவர் வாய் திறந்து சொன்னார். பிரிட்டனின் வாட் வரியைக் கழித்த பிறகு என் வண்டியின் விலை அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கப்பல் கூலி அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. 2025 பட்ஜெட்டில் அந்த நூறு எழுபதாகக் குறைந்தது என்று தொலைக்காட்சியில் கேட்டதும் துள்ளிக் குதித்தேன். மறுநாள் பார்த்தால் அதன் பக்கத்திலேயே 40% வேளாண் உட்கட்டமைப்பு மேல்வரி என்று ஒன்று உட்கார்ந்திருக்க, கூட்டுத்தொகை பழையபடி 110. ஜெர்மனியில் செய்த டர்போ காருக்கும் வேளாண்மைக்கும் என்ன உறவு என்று விளங்கவில்லை.

அதற்கு முன்பே நான் மாட்டிக்கொண்டிருந்தேன் என்பது வேறு கதை. 373-ஐப் பார்த்து என் முகம் தொங்கியதைக் கவனித்த முகவர், மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அங்கயே உங்க சொந்தக்காரர் யாராவது பேர்ல ரிஜிஸ்டர் பண்ணி ரெண்டு மாசம் ஓட்டச் சொல்லுங்க சார். பழைய வண்டின்னு கம்மி மதிப்புல இறக்கிடலாம்" என்றார். லண்டனுக்கு அருகே இருக்கும் என் சித்தப்பா மகன், அண்ணன் சொல்லிவிட்டான் என்பதற்காக, தன் பெயரில் வண்டியைப் பதிவு செய்து, தன் கடன் தகுதியையும் அடகு வைத்து, என் பணத்தோடு தன் பணத்தையும் போட்டு வாங்கினான். முகவருக்கு ஒன்றரை லட்சம் முன்பணம் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கைதானே சார்" என்று சிரித்தார்.

சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கப்பலுக்குப் பதிவு செய்யப் போன தம்பி, நம் ஊர் நேரம் நள்ளிரவுக்கு மேல் கூப்பிட்டான். "அண்ணே, சென்னைக்கு எடுக்க மாட்டாங்களாம். மும்பைன்னாதான் பேசுவாங்களாம்." அன்று இரவு தூங்காமல் உட்கார்ந்து இறக்குமதிக் கொள்கையை நானே வரிவரியாகப் படித்தேன். இந்தியாவுக்கு வருமுன் எங்கேயாவது பதிவாகிவிட்ட வண்டி, பத்து கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும், பயன்படுத்திய வண்டி. அப்படிப்பட்ட வண்டி மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், இந்தியாவில் மும்பைத் துறைமுகம் ஒன்றின் வழியாக மட்டுமே இறங்க வேண்டும். அதற்கான சுங்க வரியோ அப்போது நூறுகூட இல்லை, 125. அதாவது, நூறைத் தவிர்ப்பதற்காக முகவர் காட்டிய குறுக்குவழி, நேர்வழியைவிட அதிக வரி விழுகிற வழி. இதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரியாதா, தெரிந்தே சொன்னாரா என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் கேட்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் செய்த கார்கள் லாரி லாரியாக வந்து, சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் வரிசைகட்டி நின்று, அடுக்குமாடிக் கட்டடம் போன்ற கப்பல்களுக்குள் ஏறி உலகத்துக்கெல்லாம் போகின்றன. புத்தம்புது வெளிநாட்டுக் கார் இதே துறைமுகத்தில் இறங்கலாம். என் தம்பி இரண்டு மாதம் ஓட்டிய வண்டி மட்டும் இங்கே இறங்கினால் என்ன குடி முழுகிவிடும்? ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகனப் பரிசோதனை மையம் ஒன்று ஓடுதளத்தோடு இருக்கிறது. மும்பையில் இறக்கி, அங்கே தரச் சான்றுக்கு அலைந்து, பிறகு 1,300 கிலோமீட்டர் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவர வேண்டுமாம்.

இன்னொன்றையும் அந்த இரவில்தான் படித்தேன். 2018-இலிருந்து, வண்டியைத் தயாரிக்கும் நிறுவனமோ அதன் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ, ஆண்டுக்கு 2,500 வண்டிகள் வரை இந்தியாவில் மறுபடி சோதிக்காமலேயே, ஐரோப்பிய அல்லது ஜப்பானியச் சான்றை வைத்துக் கொண்டுவரலாம். நல்ல விதிதான், வரவேற்கிறேன். ஆனால் அதே தொழிற்சாலையில் அதே எஞ்சினோடு வெளிவந்த ஒற்றை வண்டியைத் தனியாள் கொண்டுவந்தால் அந்தச் சலுகை கிடையாது. 2,500 வண்டிகளுக்குப் போதுமான சான்று, ஒரே ஒரு வண்டிக்கு எப்படிப் போதாமல் போகிறது? ஸ்பீடாமீட்டரில் மைல் கணக்கு இருக்கிறதே, இங்கே கிலோமீட்டர் அல்லவா வேண்டும் என்று முகவரிடம் கேட்டபோது, "ஸ்டிக்கர் ஒட்டிடலாம் சார்" என்றார். அது டிஜிட்டல் திரை, அமைப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சுங்க விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆலோசகரின் தரம் இதுதான். ஏனென்றால் சுங்கத்துறையிலிருந்து எனக்கு யாருமே கிடைக்கவில்லை.

2025 செப்டம்பரில், பூடான் வழியாகச் சொகுசு வண்டிகளைக் கடத்திவந்து, போலி ஆவணங்களோடு இங்கே பதிவு செய்துவிட்டார்கள் என்று சொல்லி, கேரளத்தில் 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் சுங்கத்துறை சோதனை நடத்தியது. செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், "நீங்க இதுக்குக்கூட லாயக்கில்ல" என்பது தெளிவாகத் தெரிந்தது. கடத்தலை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ரசீது, காப்பீடு, பதிவுச் சான்று என்று எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றவனின் வண்டி பிரிட்டனை விட்டே கிளம்பவில்லை, ஆவணமே பொய்யாக இருந்த வண்டிகள் எல்லை தாண்டி வந்து எண் பலகையும் வாங்கிவிட்டனவாம் என்றால் வயிறு எரியாதா?

தம்பி அந்த வண்டியை அங்கேயே விற்றான். கையைச் சுட்டுக்கொண்டது ஐயாயிரம் பவுண்டுக்கு மேல். எவ்வளவு என்று சரியாகச் சொல்ல மறுக்கிறான். அது சிவப்பு வண்டி. விற்கும் முன் கடைசியாக எடுத்த படத்தில் கண்ணாடியெல்லாம் மழைத்துளி, கட்டம் போட்ட சீட்டின் மேல் எனக்காக அவன் வாங்கி வைத்திருந்த கிலோமீட்டர் கணக்கு காட்டும் ஒரு சாவிக்கொத்து பொம்மை.

2025 மே மாதம் அதே கோல்ஃப் ஜிடிஐ முறைப்படி இந்தியாவுக்கு வந்தது. ஷோரூம் விலை 53 லட்சம், முதலில் வந்தவை 150 வண்டிகள், நான் விசாரிக்கப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ராஜாஜி சாலை முகவரிடமிருந்து அழைப்பு. "சார், உங்க வண்டி இப்ப இங்கயே வந்துடுச்சாமே! புக் பண்ண ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவர்தான். மேல ஏதோ கொஞ்சம் பார்த்துக் கொடுத்தா கைமாத்திடுவார், பேசட்டுமா?" என்றார். என்னுடைய ஒன்றரை லட்சம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். லைன் சரியாகக் கேட்கவில்லையாம்.