ஆன்சைட் போவது ஒரு ஆள் இல்லை, ஒரு வீடு

பதினோரு வருடமாகச் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மொபிலிட்டி டீமில் இருக்கிறேன். ஆன்சைட், அதாவது கம்பெனி வேலையாக வெளிநாடு போகிறவர்களின் விசா, டிக்கெட், முதல் மாதத் தங்குமிடம், வரி எல்லாம் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நாடு விட்டு நாடு அனுப்பும்போது கம்பெனி ஒரு ஆளுக்குத்தான் கணக்குப் போடுகிறது. ஆனால் போவது ஒரு வீடு. மிச்சக் கணக்கை அந்த வீடே தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுவும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது.

நான் சேர்ந்த புதிதில் நிலைமை வேறு. இரண்டு வருடத்துக்கு ஒருவரை அனுப்பினால் இங்கே சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும், அங்கே தினப்படி தனி, கம்பெனி பார்த்துக் கொடுத்த வீடு, வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போக டிக்கெட். எல்லாருக்கும் முழுசாகக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், பெரிய பதவிக்காரர்களுக்கு முழுசு, மற்றவர்களுக்குப் பாதி. ஆனாலும் ஏதாவது சிக்கல் என்றால் போன் போட ஒரு ஆள் இருந்தார். இப்போது பெரும்பாலும் இங்கே ராஜினாமா, அங்கே புது ஆஃபர் லெட்டர், அந்த ஊர்ச் சம்பளம், கையில் ஒரே தடவையாக ஒரு லம்ப்சம் தொகை. "உங்கள் தேவைக்கு ஏற்ப நீங்களே செலவு செய்துகொள்ளலாம்" என்று ஸ்லைடில் அழகாக எழுதியிருக்கும். அந்த ஸ்லைடை எத்தனையோ பேருக்கு நானே காட்டியிருக்கிறேன். அதற்கு அர்த்தம் என்ன என்று எனக்கு உறைத்தது 2024-ல்தான்.

திருச்சிக்காரத் தம்பி ஒருவர், நல்ல வேலைக்காரர். லண்டனுக்கு மேற்கே ரெடிங்கில் மூன்று வருட வேலை. மனைவி பல் டாக்டர், மடிப்பாக்கத்தில் சொந்த கிளினிக். மகள் ஒன்பதாவது, மகன் மூன்றாவது. பிரிட்டனுக்கு வேலை விசாவில் போனால் மருத்துவ சர்சார்ஜ் என்று, அந்த ஊர் அரசு மருத்துவ சேவைக்காக ஒன்று கட்ட வேண்டும், விசா கட்டணம் இல்லாமல் தனியாக. பெரியவர்களுக்கு வருடத்துக்கு 624 பவுண்டாக இருந்ததை 2024 பிப்ரவரியில் 1,035 ஆக்கினார்கள், பிள்ளைகளுக்கு 776. மூன்று வருடம் என்றால் மூன்று வருடத்துக்கும் விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். நாலு பேருக்கு 10,866 பவுண்ட். எங்கள் கம்பெனி ஊழியருடையதை மட்டும் கட்டியது. பாக்கி 7,761 பவுண்ட், அதாவது எட்டு லட்ச ரூபாய்க்கு மேல், விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே அவர் பாக்கெட்டிலிருந்து போய்விட்டது.

போய் இறங்கியதும் வீடு. அந்த ஊரில் இவருக்குக் கடன் வரலாறு கிடையாது, ஜாமீன் நிற்க ஆள் கிடையாது, அதனால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டார் வீட்டுக்காரர். லம்ப்சம் அங்கேயே தீர்ந்தது. இதில் வரி வேறு. வீடு மாறும் செலவுக்காக வேலை கொடுப்பவர் தரும் பணத்தில் 8,000 பவுண்ட் வரைக்கும்தான் பிரிட்டனில் வரி விலக்கு. 1993-ல் வைத்த வரம்பு, இன்னும் அதேதான். வாடகை எங்கே போய்விட்டது, அந்த வரம்பு எங்கே நிற்கிறது பாருங்கள்.

பணத்தைக்கூட ஒரு கட்டத்தில் சமாளித்துவிடுகிறார்கள். அந்தப் பல் டாக்டர் அம்மாவை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. டிபெண்டென்ட் விசாவில், அதாவது கூடப் போகும் குடும்பத்தாருக்கான விசாவில், அங்கே வேலை செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை, எங்கள் ஃபைலிலும் "மனைவி வேலை செய்ய அனுமதி உண்டு" என்று டிக் போட்டு மூடிவிட்டோம். ஆனால் இந்தியாவில் பி.டி.எஸ் படித்தவர் அங்கே பல் பிடுங்க வேண்டுமென்றால் அவர்களுடைய பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு ஓ.ஆர்.இ என்று இரண்டு பகுதிப் பரீட்சை, அந்தப் பரீட்சைக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு. பன்னிரண்டு வருடம் கிளினிக் நடத்தியவர் ஒரு பல் மருத்துவமனை ரிசப்ஷனில் அப்பாயின்ட்மென்ட் எழுதிக்கொண்டிருந்தார். மகளுக்கு இன்னொரு கதை. அங்கே ஜி.சி.எஸ்.இ என்கிற, நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரியான பரீட்சைக்கு இரண்டு வருடப் பாடம், பத்தாம் ஆண்டில் தொடங்கிவிடும். வயதுப்படி அந்தப் பத்தாம் ஆண்டில் இவள் ஜனவரியில், பாதியில் போய் நின்றாள். ஏற்கெனவே பாடங்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள், இவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் இல்லை. ஒரு வருடம் முன்னால் போயிருந்தால் இது நடந்திருக்காது. பிராஜெக்ட் தொடங்கும் தேதி மட்டும் தான் எங்களுக்குத் தேதி. பிள்ளையின் வகுப்பைக் கேட்க எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

பெற்றோரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சிங்கப்பூரில் மாதச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால்தான் அப்பா அம்மாவை நீண்ட கால அனுமதியில் கூட்டிப்போக முடியும். பிரிட்டனில் 2012-க்கு அப்புறம் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது. ஒற்றைப் பிள்ளையாக இருப்பவர்கள் இப்போது என்னிடம் வந்து தயங்கித் தயங்கி "போகலைன்னா அப்ரைசல்ல அடிப்பாங்களா மேடம்?" என்று கேட்கிறார்கள். மறுப்பதற்கு அப்பாவின் டயாலிசிஸ் ஒரு காரணமாக ஏற்கப்படாத இடத்தில் என்ன பாலிசி வேண்டிக்கிடக்கிறது?

அமெரிக்காவைப் பற்றித் தனியாக எழுதினால் இந்தப் பதிவு போதாது. 2025 செப்டம்பரில் அந்த ஊர் வேலை விசாவான ஹெச்-1பிக்குப் போடும் புது மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்த அன்று ராத்திரி என் போன் ஓயவில்லை. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர்கள் கல்யாண மண்டபத்திலிருந்தே டிக்கெட் மாற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்று அடுத்த நாள் விளக்கம் வந்தது, அதற்குள் பலர் விமானம் ஏறிவிட்டார்கள். இதனால் ஆளை அங்கே அனுப்புவதை விட வேலையை இங்கே கொண்டுவருவோம் என்று யோசிக்கிற கம்பெனிகள் கூடியிருக்கின்றன. சென்னைக்கு அது நல்லதுதான். ஆனால் ராத்திரி ஒன்பது மணி மீட்டிங்குக்குப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உட்காருகிற வீடும் ஒரு விலை கொடுக்கத்தான் செய்கிறது.

நான் சொல்ல வருவது, போகவே கூடாது என்பதில்லை. போய் நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர், எனக்கே பெருமையாக இருக்கும். ஆனால் கம்பெனிக்காரர்களே, முடிவெடுக்கும் முன் அந்தக் குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சர்சார்ஜ் நாலு பேருக்கும் கட்டுங்கள். பள்ளி ஆண்டைப் பார்த்துத் தேதி வையுங்கள். மனைவியோ கணவனோ அங்கே போய் அதே தொழில் செய்ய என்ன பதிவு, எத்தனை மாதம் என்று விசாரித்துச் சொல்ல ஒருவரை நியமியுங்கள், லம்ப்சம்மில் அதை வாங்க முடியாது.

போன மாதம் ஒரு கேஸில் பிடிவாதமாக மனைவியையும் மீட்டிங்கில் சேர்க்கச் சொன்னேன். "அவங்க எதுக்கு?" என்றார் மேனேஜர். சேர்த்தோம். அந்தப் பெண் பள்ளியைக் கேட்டார், தன் வேலையைக் கேட்டார், அப்புறம், "பிராஜெக்ட் பாதியில நின்னு இவரை வேலையை விட்டு எடுத்துட்டா, விசாவுல அறுபது நாள்தான் தருவாங்களாமே, அப்போ வாடகை ஒப்பந்தத்தை முறிக்கிற காசும் நாலு டிக்கெட்டும் யார் மேடம் குடுப்பாங்க?" என்றார். எங்கள் பாலிசியில் முப்பத்தெட்டுப் பக்கம் இருக்கிறது. அன்றைக்கே முழுசும் தேடினேன், அதற்கு ஒரு வரி இல்லை. மேலே எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரும் வரைக்கும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.