கணவாய் முட்டை கிடக்கும் தரையை யார் பார்க்கிறார்கள்?

கலிபோர்னியாவில் மான்டரே வளைகுடா பக்கம் கணவாய் பிடிப்பதே அது முட்டையிட வரும் இடத்தில்தான். இரவில் விளக்குப் படகின் வெளிச்சத்துக்குக் கூட்டம் மேலே வரும், சுருக்குமடி வலை வளைத்துவிடும். அந்தக் கணவாய்க்கு ஆயுள் ஒரு வருடம்கூட இல்லை. முட்டையிட்டதும் செத்துப்போகும். ஆகவே, இந்த வருடம் கடலடியில் பிழைக்கும் முட்டைதான் அடுத்த வருட மீன்பாடு மொத்தமும்.

பெண் கணவாய் நூறு, இருநூறு முட்டைகள் அடங்கிய நீளமான வெள்ளை உறையை மணலில் குத்தி நிறுத்தும். பக்கத்திலேயே இன்னொன்று வந்து தன்னுடையதைக் குத்தும். கடைசியில் தரையே வெள்ளை விரிப்பு போலாகிவிடும். அதற்கு 10 முதல் 14 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் வேண்டும். காவலுக்குத் தாய் இருக்காது. பொரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தண்ணீர் எப்படி மாறினாலும் முட்டை அங்கேயே கிடந்து தாங்கியாக வேண்டும்.

1997–98 எல் நினோவில் (சில வருடங்களுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வு) கடல் சூடேறியபோது கணவாய்ப்பாடு அடியோடு படுத்துவிட்டது. கடல் குளிர்ந்ததும் சீக்கிரமே மீண்டது. இதைக் காட்டித்தான் 'கணவாய்தானே, திரும்பி வந்துவிடும்' என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கடல் பழைய நிலைக்குத் திரும்பியதால்தான் அதுவும் திரும்பியது. எல் நினோ ஒரு வருடத்தில் போய்விடும், காலநிலை மாற்றம் போகாது. அப்புறம், சூடு மட்டுமா பிரச்சினை? காற்று வீசும்போது ஆழத்திலிருந்து ஏறிவரும் நீரில் ஆக்சிஜன் குறைவு, அமிலத்தன்மை அதிகம். ஆய்வகத்தில் அப்படிப்பட்ட நீரில் வைத்த முட்டைகளில் கரு வளரக் கூடுதல் நாட்கள் பிடித்தன. உடல் சமநிலைக்கு உதவும் தலைக்குள் இருக்கும் சிறு கல்லும் சிறுத்துப்போனது.

2005-இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியாவின் கணவாய் மேலாண்மைத் திட்டம், வருடத்துக்கு 118,000 ஷார்ட் டன்னுக்கு (ஒரு ஷார்ட் டன் சுமார் 907 கிலோ) மேல் பிடிக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. வெள்ளி நண்பகல் முதல் ஞாயிறு நண்பகல் வரை வலை வீசக் கூடாது என்ற விதியும் உண்டு. இந்த வார இறுதி ஓய்வை மனதார வரவேற்கிறேன். கணவாய் தொந்தரவில்லாமல் முட்டையிட இரண்டு இரவாவது கிடைக்கிறது. ஆனால் கடல் சூடானாலும் குளிர்ந்தாலும் ஒரே வரம்பு என்பது சரியா? முட்டை கிடக்கும் தரையில் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் தொடர்ந்து அளந்து, நிலைமை மோசமான பருவத்தில் வரம்பை அப்போதே குறைக்க வேண்டும்.

வடக்கே ஆரிகன் மாநிலத்துப் பக்கம் கணவாய்ப்பாடு கூடியிருக்கிறதே என்று கேட்கலாம். சரி, கூடியிருக்கிறது. அதற்காக மான்டரேயின் சின்னப் படகுக்காரர் அவ்வளவு தூரம் டீசல் போட்டு ஓடிக் கட்டுப்படியாகுமா? வரம்பைக் குறைக்கும் வருடத்தில் அவருக்கு அரசு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். கடலைச் சூடாக்கியதில் ஊர் உலகத்துக்கே பங்கிருக்க, செலவை அவர் ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம்.