ஒரு பிடி மாவு

சென்ற ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பலிகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் கேட்டேன். 'இரத்தம்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கி, நாற்பதோடு நிறுத்திக்கொண்டேன். மாவு ஒரு முறைகூட வரவில்லை.

பலிகளின் விதிகளைச் சொல்லும் லேவியராகமம் 5-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பாவநிவாரண பலிக்கு ஆடு வேண்டும். வசதியில்லையா, இரண்டு புறா. அதற்கும் வழியில்லையா, எப்பா என்ற பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு; ஏறக்குறைய இரண்டு லிட்டர் படியில் அளந்தால் முடிந்தது. எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம். ஆசாரியன் ஒரு பிடி அள்ளிப் பலிபீடத்தில் எரிப்பான். புறா கொண்டுவந்தவனுக்குச் சொன்ன அதே மன்னிப்பு மாவு கொண்டுவந்தவனுக்கும் உண்டு. (பிடி என்றதும் பாட்டியின் தகர டப்பா நினைவுக்கு வருகிறது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அதற்குள் போய்விடும், சபைக்கு.)

"இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்று புதிய ஏற்பாட்டின் எபிரெயர் 9:22-ஐக் காட்டுவார்கள். அதே வசனத்தின் முற்பாதியை யாரும் மனப்பாடம் செய்வதில்லை: "கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும்." அந்தக் 'கொஞ்சங்குறைய'வுக்குள்தான் ஏழையின் மாவு இருக்கிறது என்பது என் எண்ணம். ஏற்கெனவே எரியும் பலிகளின்மேல் போடப்படுவதால் மாவும் இரத்தத்தோடு சேர்ந்ததே என்று விளக்குவோர் உண்டு. மறுக்கமாட்டேன். ஆடில்லாதவன், வேறு யாரோ செலுத்திய பலியின்மேல் தன் மாவை வைக்கிறான். சிலுவையைப் பற்றி நான் கேட்ட பல பிரசங்கங்களைவிட இந்தக் காட்சி எனக்கு அதிகம் சொல்கிறது.

அடுத்த அதிகாரத்தில் இன்னொன்று. அயலானை ஏமாற்றியவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பலி மட்டும் போதாது. இதைப் பிரசங்கிக்க நான் கேட்டதே இல்லை. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல.

இயேசுவின் தாய் மரியாளுக்கு வருவோம். லேவியராகமத்தின்படி பிரசவித்த பெண் ஒரு வயது ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் செலுத்த வேண்டும். இயலாதவள் இரண்டு புறாக்களோடு வரலாம். பின்னாளில் யோவான் ஸ்நானன் 'தேவ ஆட்டுக்குட்டி' என்று சுட்டிக்காட்டியவரை, ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாத தாய்தான் எருசலேம் தேவாலயத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். இதை எழுதிய சுவிசேஷகர் லூக்கா அந்தக் குடும்பத்தை ஏழைகள் என்று சொல்லவில்லை. புறாக்களை மட்டும் எழுதிவிட்டு, நேரே, தேவாலயத்தில் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்திய சிமியோனிடம் போய்விடுகிறார்.